பத்துப் பல் சக்கரம்

உள்ளங்கையில் வைத்தால் ஒரு மிளகு அளவுதான் இருக்கும். வெள்ளை பிளாஸ்டிக். சுற்றிலும் பத்துப் பல், நடுவில் மோட்டார் கம்பி நுழைகிற துளை. கொல்லைப்புறத்தில் நின்று வெயிலுக்கு நேரே பிடித்தபோதுதான் அந்தக் கோடு தெரிந்தது. துளையில் கிளம்பி, இரண்டு பல்லுக்கு நடுவிலுள்ள பள்ளம் வரை ஓடுகிற மயிரிழை வெடிப்பு. இந்த வெடிப்பால்தான் 2024-இல் எங்கள் வீட்டுச் சாயங்காலங்கள் ஏழு மாதம் பாட்டில்லாமல் கிடந்தன.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. விளக்கேற்றிவிட்டு நடுவீட்டில் உட்கார்ந்து சிடி போட்டுக் கேட்பது அவள் வழக்கம். பெட்டியின் வலது ஓரத்துப் பொத்தானை அமுக்கினால் தட்டு வெளியே வரும், வட்டைப் படமுள்ள பக்கம் மேலே தெரிய வைக்க வேண்டும், மறுபடி அமுக்க வேண்டும். இவ்வளவும் அவள் விரலுக்குப் பழகியது. பெட்டியை அப்பா 1999-இல் காயல்பட்டினத்தில் ஒரு கடையில் வாங்கிவந்தார். கொழும்பிலும் வளைகுடாவிலும் தொழில் பார்த்தவர்கள் நிறைந்த ஊர் அது. 'ஃபாரின் செட்டு' வேண்டுமென்றால் ஆதிச்சநல்லூரிலிருந்து திருச்செந்தூர் பஸ் பிடித்து அந்தப் பக்கம் போய்த்தான் பார்ப்போம்.

"அதில் இருக்கிற பாட்டையெல்லாம் போனில் ஏற்றித் தந்துவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்றியும் கொடுத்தோம். அக்கா மகன் ஒரே ராத்திரியில் எல்லா சிடியையும் கம்ப்யூட்டரில் போட்டு இறக்கிவிட்டான். ஆனால் போனில் பாட்டைத் தேடி எடுக்க அம்மாவுக்கு வராது. தொட்ட இடத்தில் வேறொன்று திறக்கும், நடுவில் ஒரு விளம்பரம் கத்தும், யாராவது கூப்பிட்டால் பாட்டு நின்றுபோகும். யார் உதவியும் இல்லாமல் தானே போட்டுக் கேட்கிற ஒன்று அவளுக்கு இருந்தது. அதைத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் என் கவலை.

இதே கோளாறு 2007-இலும் வந்தது. அப்போது எப்படிச் சரியானது, இப்போது எப்படிச் சரியானது என்பதற்குள் பதினேழு வருஷக் கதை இருக்கிறது.

அன்று பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்ரீவைகுண்டத்துக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணாச்சி கடை வைத்திருந்தார். வால்வு ரேடியோ காலத்தில் திருநெல்வேலியில் தொழில் பழகியவர். மர்பி, புஷ் என்று வீட்டுக்கு வீடு ரேடியோ இருந்து, அதற்கு லைசென்ஸ் கட்ட தபாலாபீஸுக்குப் போன நாட்களைப் பார்த்தவர். இந்தக் கரையில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பேச்சைப் போலத் தெளிவாகக் கேட்கும். அந்த அலைவரிசையை மட்டும் சரியாக வைத்துக் கொடுத்தால் போதும் என்று வருகிறவர்களே பாதிப் பேர் என்பார். பிறகு டேப் ரிக்கார்டர் வந்தது. பெல்ட் தளர்ந்தால் புது பெல்ட், அவசரத்துக்கு ரப்பர் பேண்டு, ஹெட்டைத் துடைக்கத் தீக்குச்சி நுனியில் பஞ்சும் ஸ்பிரிட்டும். அதற்குப் பிறகு சிடி.

கடைக்கு வருவதற்கு முன்பே எனக்கு இரண்டு பேர் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள்: "லென்ஸு போயிட்டு." சிடி பாடவில்லை என்றால் அன்றைக்கு எல்லார் வாயிலும் வந்த ஒரே வார்த்தை அதுதான். லென்ஸ் மாற்றினால் நல்ல காசும் கிடைக்கும்.

அண்ணாச்சி மூடியைத் திறக்கவில்லை. ஒரு சிடியைப் போட்டுவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வேறொரு செட்டில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். பாட்டு எங்கெங்கே தடுமாறியதோ அங்கெல்லாம் ஓர் அட்டையில் எழுதினார்: 3, 7, 12, 17. பிறகு வேறொரு சிடி. மறுபடியும் 3, 7, 12, 17.

"லென்ஸு போச்சுன்னா கண்ட எடத்துல தாவும் தம்பி. கீறல்னா அந்த ஒரு தட்டுல மட்டும் தாவும். இது எந்தத் தட்டைப் போட்டாலும் அதே நிமிசத்துல நிக்கி. போகப்போக எடவெளி கூடுது பாத்தீங்களா? பல்லு வெடிச்சிருக்கு."

இடைவெளி ஏன் கூட வேண்டும் என்று எனக்கு அன்று புரியவில்லை. படித்துத் தெரிந்துகொள்ள வருஷங்கள் ஆயின. புரிந்தபோது அந்த அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளாமல் போனோமே என்றிருந்தது.

கிராமபோன் தட்டு வெளியிலிருந்து உள்ளே பாடும். சிடி உள்ளேயிருந்து வெளியே பாடும். 12 சென்டிமீட்டர் வட்டில், நடுவுக்குப் பக்கத்தில் தொடங்கி ஓரம் வரை ஒரே சுருளாக ஓடுகிறது தடம். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் அறுநூறு சுற்றுக்கு மேல். தடம் லென்ஸைக் கடக்கும் வேகம் எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். அதனால் உள்ளே படிக்கும்போது வட்டு நிமிடத்துக்கு 500 முறை சுற்றும், ஓரத்துக்கு வரவர 200 முறையாகக் குறையும். ஒவ்வொரு சுற்றுக்கும் லென்ஸ் 1.6 மைக்ரோமீட்டர் வெளியே நகர வேண்டுமென்றால், ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 0.8 மில்லிமீட்டர் நகரும், முடிவில் 0.32 மில்லிமீட்டர்தான் நகரும். அந்த நகர்வைக் கொடுப்பது ஒரு குட்டி மோட்டார். அதன் கம்பியில் மாட்டியிருப்பது நம் பத்துப் பல் சக்கரம். அது ஒரு பெரிய சக்கரத்தைத் திருப்ப, பெரியது பல் வைத்த பட்டையைத் தள்ள, பட்டையோடு சேர்ந்து லென்ஸ் வண்டி போகும்.

சின்னச் சக்கரத்தில் வெடிப்பு விழுந்தால் ஒரு பள்ளம் மட்டும் கொஞ்சம் அகன்றுவிடுகிறது. அந்தப் பள்ளம் பெரிய சக்கரத்தின் பல்லோடு சேருகிற வேளையில் மட்டும் இறுகும். லென்ஸ் தன்னால் முடிந்தவரை எட்டிப் பார்க்கும், முடியாமல் தடத்தை விட்டுவிடும். மோட்டார் முக்கி முக்கி ஒரு 'டக்' சத்தத்தோடு தாண்டும். சின்னச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஆரம்பத்தில் நாலு நிமிடம்போல ஆகும், ஓரத்துக்குப் போனால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஒவ்வொரு தடவையும் வண்டி வீடு திரும்பி உள்கோடியில் அதே இடத்தில் நின்று கிளம்புவதால் எந்த வட்டானாலும் அதே நிமிடங்கள். இந்தக் கணக்கெல்லாம் அண்ணாச்சி போட்டிருக்க மாட்டார். கணக்கின் விடை மட்டும் அவர் காதில் இருந்தது.

சோனியின் முதல் சிடி பிளேயர் 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது அதை ஒளியின் அதிசயம் என்றுதான் உலகம் பேசியது. உண்மைதான். 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத கதிர் அது. ஆனால் ரிப்பேர்க்காரரைக் கேட்டால் வேறு சொல்வார். ஒளி அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. கெடுவதெல்லாம் அந்த ஒளியைச் சுமந்து போகிற வண்டிதான். பெல்ட், பல், கிரீஸ், கம்பி. உப்புக் காற்று வீசுகிற தூத்துக்குடிப் பக்கத்தில் லென்ஸ் வண்டி ஓடும் கம்பியில் துரு பூத்துவிடும் என்று அண்ணாச்சி தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்துக் கொடுப்பார்.

அன்று அவர் திரும்பிப் பின்னால் கைநீட்டினார். அவ்வளவுதான் தேடல். பின்சுவர் முழுக்கச் செத்த செட்டுகள் அடுக்கியிருந்தன. மூடி இல்லாத விசிடி பிளேயர்கள், பெட்டி இல்லாத மெக்கானிசங்கள். எந்தக் கம்பெனிப் பெயர் வெளியே ஒட்டியிருந்தாலும் பலவற்றில் உள்ளே இருந்தது சோனியின் கேஎஸ்எஸ்-213 வகை லென்ஸ் வண்டி அல்லது அதைப் பார்த்துச் செய்தது. கடைக்காரர்கள் வாயில் அது வெறும் 'இருநூத்திப் பதிமூணு'. உள்ளே ஒரே உறுப்பு என்பதால்தான் ஒன்று செத்தால் இன்னொன்று பிழைத்தது. காலமும் தோதாக இருந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. டிவி வந்த வீட்டில் அடுத்து டிவிடி பிளேயர் வந்தது. பழைய விசிடி பிளேயர்களெல்லாம் அண்ணாச்சி கடைப் பின்சுவருக்கு வந்து சேர்ந்தன.

ஒரு மெக்கானிசத்தை எடுத்து, மோட்டாரிலிருந்து சக்கரத்தை ஸ்குரூ டிரைவர் நுனியால் நெம்பி எடுத்து, என் பெட்டியில் மாட்டினார். ஐம்பது ரூபாய். "இது தொழிலே இல்ல தம்பி, உறுப்பு மாத்துதது" என்றார். அந்தச் சக்கரம் பதினேழு வருஷம் ஓடியது.

அதற்குள் என்னென்னவோ ஆயிற்று. கோயில் கொடைக்கு மைக் செட்டுக்காரர் ரிக்கார்டுத் தட்டுகளோடு வந்தது நான் சிறுவனாக இருந்தபோது. பிறகு கேசட், பிறகு சிடி ஆல்பம், இப்போது சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ். 2016-க்குப் பிறகு போனிலேயே பாட்டும் படமும் கொட்டத் தொடங்கியதும் சிடி கடைகள் செல்போன் கடைகளாயின. அண்ணாச்சி மகன் கடையின் முன்பாதியில் செல்போன் கவர் விற்றார். பின்சுவர் மட்டும் அப்படியே இருந்தது.

2023 டிசம்பர் 17. அன்றைய மழையைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஏறக்குறைய 800 பேரோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் மாட்டிக்கொண்டது. தாமிரபரணி கரைதாண்டி வீடுகளுக்குள் வந்தது. எங்கள் பெட்டி பரண்மேல் இருந்ததால் தப்பித்தது. அண்ணாச்சியின் பின்சுவர் தப்பவில்லை. வண்டல் புகுந்த மெக்கானிசங்களை மகன் வாளி வாளியாக அள்ளித் தெருவில் போட, குப்பை டிராக்டர் ஏற்றிக்கொண்டு போனது. நாற்பது வருஷமாகச் சேர்த்த உறுப்புகள். அண்ணாச்சி அதற்குப் பிறகு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

மூன்று மாதம் கழித்து எங்கள் பெட்டி தடுமாறியது. கடிகாரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 5, 9, 14, 20. வட்டை மாற்றினேன். 5, 9, 14, 20. நிமிடங்கள் வேறு, போக்கு அதேதான்.

இந்த முறை நானே மூடியைத் திறந்தேன். வெடிப்பை ஒட்டிப் பார்த்தேன். பீங்கான் கோப்பையைக் கெட்டியாக ஒட்டுகிற பசை இதில் காய்ந்து சருகாக உதிர்ந்தது. மெழுகுபோல வழுக்கும் பிளாஸ்டிக் அது, எதையும் பிடிக்க விடாது. மெல்லிய செப்புக் கம்பியால் கழுத்தில் இறுக்கிக் கட்டினேன். இரண்டு நாள் ஓடியது, பிறகு கம்பி பெரிய சக்கரத்தில் உரசத் தொடங்கியது.

ஒட்டுகிற வேலை எங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆதிச்சநல்லூர்ப் பரம்பு மேட்டில் மண்ணுக்குள் பழங்கால முதுமக்கள் தாழிகள் கிடக்கின்றன, பலவும் உடைந்து. 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்கு எடுத்துப் போனார். நூற்றாண்டு திரும்பியபோது தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியதில் பெரும்பகுதி சென்னை எழும்பூருக்குப் போனது. 2004-இல் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி குழுவினர் தோண்டினார்கள். அந்தத் தோண்டலில் எடுத்த மாதிரிகளுக்கு கி.மு. 905, கி.மு. 696 என்று காலக் கணிப்பு வந்தது. இப்போது பரம்பிலேயே கண்ணாடித் தளம் போட்டு, குழிக்குள் தாழிகள் கிடந்தபடியே கிடப்பதைக் காட்டுகிறார்கள். உடைந்த தாழியின் சில்லுகளை இன்றைக்குச் சேர்த்துப் பார்த்தாலும் விளிம்போடு விளிம்பு பொருந்துகிறது. சுட்ட மண் சுட்டதோடு சரி, பிறகு அது அசைவதில்லை. பிளாஸ்டிக் அப்படியில்லை. சக்கரத்தை அதன் துளையைவிடக் கொஞ்சம் பருத்த கம்பியில் இறுக்கி மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அது இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. பெட்டி பாடினாலும் பாடாவிட்டாலும்.

இந்தக் கடைசி விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய இரும்புக் கடை. வெள்ளத்தில் நனைந்த மிக்சி, டிவி, பிளேயர் எல்லாம் அங்கே குவியலாகக் கிடந்தன. எடைக்கு எடை காசு கொடுத்து நாலு டிவிடி பிளேயர் வாங்கி வந்தேன். இரண்டில் அளவு வேறு. மீதி இரண்டில் பத்துப் பல், அதே மோட்டார். மகிழ்ச்சியோடு வெயிலுக்கு நேரே பிடித்தேன். இரண்டிலும் வெடிப்பு. அதில் ஒன்று அதிகம் ஓடாத செட்டு, கிரீஸ்கூடக் கறுக்கவில்லை.

அதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் என்று எனக்குப் பட்டது. பழுது பார்க்கிற ஆள் குறைந்துவிட்டார், பொறுமை போய்விட்டது என்றெல்லாம் சொல்வது பாதி உண்மைதான். 2007-இல் உறுப்பு தந்த செட்டு இளசு. மோட்டாரோ லென்ஸோ கெட்டுச் செத்தது, பல் நன்றாக இருந்தது. இன்றைக்குத் தர வருகிற செட்டுக்கும் என் பெட்டி வயசுதான். இதற்கு வந்த நோய் அதற்கும் வந்திருக்கிறது. அண்ணாச்சியின் பின்சுவர் வெள்ளத்தில் போகாமல் இருந்திருந்தாலும் அதில் பாதி எனக்கு உதவியிருக்காது.

புதிதாகக் கேட்கவும் ஆளில்லை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஓர் இணைய வாசலைத் திறந்தது. விவசாயக் கருவி, செல்போனும் மின்னணுவும், வீட்டுச் சாதனம், வாகனம் என நாலு துறைக்கும் உறுப்பும் விவரமும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். மனதார வரவேற்கிறேன். ஆனால் அது இன்று விற்கிற பொருளுக்கு. இருபத்தைந்து வருஷப் பெட்டியின் மிளகளவு சக்கரத்தைக் கேட்டு யார் கதவைத் தட்டுவது?

அக்கா மகன் திருநெல்வேலியில் இன்ஜினியரிங் படிக்கிறான். "மாமா, நான் பாக்கேன்" என்றான். முதலில் ஆன்லைனில் பொம்மைக் கார் சக்கரங்கள் ஒரு பை வாங்கினான், எழுபத்தைந்து உருப்படி. பத்துப் பல் சக்கரமும் அதில் இருந்தது. ஆனால் எங்கள் சக்கரத்தின் விட்டம் 4.8 மில்லிமீட்டர், அது 6. பல் ஒவ்வொன்றும் தடிமன், பெரிய சக்கரத்தோடு சேராது. பிறகு கல்லூரியில் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் போட்டுக்கொண்டு வந்தான். பல்லெல்லாம் உருகிய வெல்லம்போல ஒன்றோடொன்று கூடியிருந்தன. பிளாஸ்டிக் இழையை உருக்கி ஊற்றும் மூக்கின் துளையே 0.4 மில்லிமீட்டர். நம் பல்லின் தடிமன் அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். மூன்றாவதாக, பிசினை ஒளியால் உறைய வைக்கிற வேறொரு இயந்திரத்தில் போட்டான். அதில் பல் கூர்மையாக, அசல்போலவே வந்தது. மோட்டார் கம்பியில் அழுத்தினான். 'கிளிக்'. இரண்டாகப் பிளந்தது.

அன்று மாலை அவனையும் அழைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கண் கொஞ்சம் மங்கல். பிளந்த சக்கரத்தைக் கையில் கொடுத்தோம். நகத்தால் பல்லை எண்ணினார். துளையைச் சுண்டுவிரல் நுனியில் வைத்துத் தடவினார்.

"துளையை எவ்வளவு போட்டே?"

"அசல்ல உள்ள அளவுதான் தாத்தா. கம்பி 2 மில்லி, துளை 1.95."

"அதான பேராண்டி தப்பு. அசலே அங்கனதான வெடிச்சிது? அதைப் பாத்து அப்படியே செஞ்சா நீ செஞ்சதும் அங்கனதான் வெடிக்கும். துளையை ஒரு மயிரு கூட்டிப் போடு. கம்பியில லேசா ஆடட்டும். ஒரு பொட்டுப் பசை வையி. புடிக்கிற வேலையைப் பசை பாக்கட்டும், சக்கரம் சுத்துத வேலையை மட்டும் பாக்கட்டும்."

அவன் போனில் குறித்துக்கொண்டான். 2.02.

கிளம்பும்போது அண்ணாச்சி கேட்டார்: "அம்மா இப்பமும் கேக்காளா?" கேட்கிறாள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாலு சக்கரம் செய்துகொண்டு வந்தான். ஒன்றை மாட்டினோம். மீதி மூன்றையும் மருந்துக் குப்பியில் போட்டு, பெட்டிக்குள்ளேயே டிரான்ஸ்பார்மருக்குத் தள்ளி ஓர் ஓரத்தில் ஒட்டிவைத்தோம். இனி யார் இதைத் திறந்தாலும் தேடி அலைய வேண்டியதில்லை. மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதினேன்: பத்துப் பல், வெளிவிட்டம் 4.8, துளை 2.02, பசை ஒரு பொட்டு.

பசை காய ஒரு ராத்திரி விட்டோம். மறுநாள் விளக்கு வைத்தபின் அம்மாவை உட்கார வைத்தோம். பொத்தானை அவளே அமுக்கினாள். தட்டு வந்தது, வட்டை வைத்தாள், உள்ளே போனது. ஒரு சின்ன முனகல், பிறகு பாட்டு.

அஞ்சாவது நிமிடம். நானும் மருமகனும் மூச்சுவிடவில்லை. கடந்தது. ஒன்பது. கடந்தது. பதினாலுக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாட்டைக் கேக்காம ரெண்டு பேரும் கடியாரத்தை என்னடே பாக்கிய?"